மணலும் உப்புத்தாளும்: குழந்தைகள் எழுத்தறிந்த வரலாறு

பங்கு யூபிலி மலரில் சரித்திரக் கட்டுரை என்றதும், கோவில் எழும்பிய கதையும், மணி வந்திறங்கிய கதையும், முன்னாள் பங்குக் குருக்களின் வரிசையும் வரும் என்று வாசகர்கள் எதிர்பார்ப்பது இயல்பு. அவற்றை நம்மைவிட நன்கறிந்த பெரியவர்கள் இம்மலரின் மற்றப் பக்கங்களில் எழுதியிருக்கிறார்கள். நாம் வேறொரு சரித்திரத்தைச் சொல்லத் துணிந்தோம். மூன்று, நான்கு, ஐந்து வயதுப் பிள்ளைகள் முதல் எழுத்தை எப்படிக் கற்றார்கள், அவர்களுக்கு அதை யார் யார் எப்படிக் கற்பித்தார்கள் என்பதே அச்சரித்திரம்.

இதற்குக் காரணம் உண்டு. ஆண்டுதோறும் ஜூன் மாதம் பிறந்து பள்ளிக்கூடம் திறந்த சில வாரங்களுக்குள், தாய்மார்கள் குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு பங்குச் சாமியாரின் வீட்டு வாசலுக்கு வருவார்கள். "சாமி, இவன் தலையில ஒண்ணும் ஏற மாட்டேங்குது. மூத்தவ இந்த வயசுல எல்லாம் எழுதினா. கொஞ்சம் மந்திரிச்சு விடுங்க" என்பார்கள். நாமும் தலையில் கைவைத்து மந்திரிக்கிறோம், அதில் குறைவில்லை. ஆனால் அந்தப் பிள்ளையின் எதிரிலேயே "மக்கு" என்ற சொல் அதற்குள் மூன்று முறை வந்துவிடுகிறது. தலையில் ஏறவில்லையா, அல்லது ஏறுவதற்கு நாம் வைத்த ஏணி ஒன்றே ஒன்றுதானா என்று கேட்பார் இல்லை. இக்கேள்விக்குச் சரித்திரம் நல்ல பதில் வைத்திருக்கிறது.

நம் கத்தோலிக்கக் குடும்பங்களின் முதற் பள்ளிக்கூடம் காதுதான். புனித சவேரியார் 1542-ஆம் ஆண்டு முத்துக்குளித்துறைக்கு வந்தபோது அவருக்குத் தமிழ் தெரியாது. தெரிந்தவர்களின் துணைகொண்டு செபங்களைத் தமிழாக்கி, அவற்றைத் தாமே மனப்பாடம் செய்து, கையில் மணியை ஆட்டிக்கொண்டு தெருத்தெருவாகச் சென்று பிள்ளைகளைக் கூட்டினார். அவர் முன்சொல்லப் பிள்ளைகள் பின்சொன்னார்கள். ஒரு மாதத்திற்குள் பிள்ளைகள் அவற்றைக் கற்றுக்கொண்டதையும், அவர்களே வீட்டில் தாய் தகப்பனுக்குச் சொல்லிக் கொடுக்கும்படி தாம் கேட்டுக்கொண்டதையும் 1544-ஆம் ஆண்டு சனவரியில் எழுதிய கடிதத்தில் அவர் குறிப்பிடுகிறார். ஏடும் இல்லை, எழுத்தும் இல்லை. காதும் வாயும் மட்டுமே. அந்தக் கடற்கரையில் ஊன்றிய விசுவாசம் இன்றுவரை அசையவில்லை என்றால் காதின் வலிமை எத்தகையது என்று எண்ணிப் பாருங்கள்.

ஆனால் எழுத்துக்குக் காது மட்டும் போதாது. இதை நம் திண்ணைப் பள்ளி ஆசிரியர்கள் எந்த நூலையும் படிக்காமலே அறிந்திருந்தார்கள். சட்டாம்பிள்ளை "ஆனா, ஆவன்னா" என்று முன்சொல்வான், மற்றவர்கள் பின்சொல்வார்கள். வாய் சொல்லும்போதே ஆட்காட்டி விரல் தரையில் பரப்பிய மணலில் அந்த எழுத்தை வரையும். கண் அதைப் பார்க்கும். பிழையானால் உள்ளங்கையால் தடவிவிட்டு மறுபடியும் எழுதலாம். தாளும் இல்லை, சிவப்பு மையும் இல்லை, பிழையைச் சுமந்துகொண்டு வீட்டுக்குப் போகும் நோட்டுப் புத்தகமும் இல்லை. மணலில் கை நன்றாகப் பழகிய பிறகே பனையோலையும் எழுத்தாணியும் பிள்ளையின் கைக்கு வரும். எண்சுவடியோ ராகம் போட்டுச் சொல்லப்பட்டது. ஒரே பாடம் காது, வாய், விரல், கண் என்று நான்கு வாசல் வழியாக உள்ளே போயிற்று. ஒரு வாசல் அடைத்திருந்தாலும் மற்றொன்று திறந்திருக்கும்.

உரோமைப் பயணி ஒருவர் இதைக் கண்டு வியந்த செய்தி எழுத்தில் இருக்கிறது. பியெத்ரோ தெல்லா வல்லே என்ற அவர் 1623-ஆம் ஆண்டு கன்னட நாட்டில் இக்கேரிப் பக்கம் பயணம் செய்தபோது, ஒரு கோவில் முகப்பில் நான்கு சிறுவர்கள் ஆசிரியர் இல்லாமலே கணக்குப் பாடம் படிப்பதைக் கண்டார். ஒருவன் பாட்டாக ஒரு வரியைச் சொல்லிக்கொண்டே மெல்லிய மணலில் விரலால் எழுத, மற்ற மூவரும் அதையே பாடி எழுதினார்கள். நீங்கள் தவறினால் திருத்துவது யார் என்று கேட்டார். நால்வரும் ஒரே நேரத்தில் மறந்துபோக முடியாது என்ற பொருளில் அச்சிறுவர்கள் விடை கூறினார்களாம். ஆசிரியப் பயிற்சி பெற்றவர்களும் சற்று நின்று கேட்க வேண்டிய விடை இது.

இதனால் திண்ணையைப் பொன்னாகப் பூசிவிடக் கூடாது. அங்கே பிரம்பும் உண்டு, குட்டும் உண்டு. சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ 1822-இல் கணக்கெடுக்கச் செய்து, 1826-இல் எழுதிய குறிப்பின்படி மாகாணத்தில் 12,498 பள்ளிகளும் 1,88,650 மாணவர்களும் இருந்தனர். பெண்பிள்ளைகள் அதில் மிகச் சிலரே. தாழ்த்தப்பட்ட மக்களின் பிள்ளைகளுக்கு எத்தனையோ ஊர்களில் திண்ணை ஏறவே வழியில்லை. எழுதும் மணல் எல்லா ஊரிலும் கிடந்தது. எழுத உட்காரும் உரிமை எல்லாருக்கும் கிடைக்கவில்லை.

இனி எழும்பூருக்கு வருவோம். 1789-ஆம் ஆண்டு அங்கிருந்த இராணுவத்தாரின் அநாதை ஆண்பிள்ளைகள் விடுதிக்கு ஆன்ட்ரூ பெல் என்ற ஸ்காத்லாந்துக்காரர் மேற்பார்வையாளரானார். ஆங்கிலிக்கன் சபைக் குருவானவர். ஒருநாள் வழியில் ஒரு நாட்டுப் பள்ளியில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதுவதைக் கண்டார். தம் விடுதியிலும் அரிச்சுவடி வகுப்பை அவ்வாறே நடத்தும்படி கட்டளையிட்டார். ஆசிரியர் அது நடவாத காரியம் என்று கைவிரித்துவிட்டார். பெல் அந்த ஆசிரியரோடு வாதாடவில்லை. ஜான் ஃப்ரிஸ்கென் என்ற எட்டு வயது மாணவனை அழைத்து அந்த வகுப்பை ஒப்படைத்தார். பெரியவரால் ஆகாதது சிறுவனால் ஆயிற்று. பெல் 1796-இல் தாயகம் திரும்பி, மறு ஆண்டு இலண்டனில் இதைப் பற்றி ஒரு சிறு நூல் வெளியிட்டார். "மதராஸ் முறை" என்ற பெயர் இங்கிலாந்தெங்கும் பரவியது. ஸ்காத்லாந்தில் அவர் பிறந்த செயின்ட் ஆன்ட்ரூஸ் நகரில் "மதராஸ் கல்லூரி" என்ற பெயரில் ஒரு பள்ளி இன்றும் நடைபெறுகிறது என்பதை அறிந்தால் நம்மவர் பலர் வியப்பார்கள்.

சென்னையிலிருந்து கப்பலேறிய சரக்கு இரண்டு. மணல் ஒன்று, சட்டாம்பிள்ளை மற்றொன்று. அங்கே பெருகியது சட்டாம்பிள்ளைதான். தொழிற்சாலை நகரங்களில் ஏழைப் பிள்ளைகள் கூட்டம் கூட்டமாக இருந்தார்கள். சம்பளத்துக்கு ஆசிரியர் வைக்கப் பணமில்லை. ஓர் ஆசிரியர், பத்துப் பன்னிரண்டு சட்டாம்பிள்ளைகள், எதிரே நூற்றுக்கணக்கான பிள்ளைகள் என்று மலிவான ஏற்பாடு ஒன்று கிடைத்ததில் அவர்களுக்குத் திருப்தி. மணல் தட்டு சில காலம் இருந்து, பிறகு சிலேட்டுக்கு இடம் விட்டுப் போயிற்று. திண்ணையில் பத்து இருபது பிள்ளைகள் நடுவே உயிரோடு இருந்த ஒரு வழக்கம், அங்கே அணிவகுப்பாக மாறிற்று. பின்னர் வரிசை பெஞ்சும் அசையாத உட்காருதலுமாக இங்கே வந்த பள்ளிக்கூடத்தில் அந்த அணிவகுப்பின் வாடை இருந்தது என்பது நமது கருத்து.

பெல் எழும்பூரில் பொறுப்பேற்ற அதே 1789-இல் பாரிசு நகரில் ஒரு கத்தோலிக்கக் குரு மரித்தார். அவர் பெயர் ஷார்ல் மிஷேல் தெ லெப்பே. காது கேளாத இரட்டைச் சகோதரிகள் இருவருக்குப் படங்களைக் காட்டி ஞானோபதேசம் கற்பித்துவந்த ஒரு குரு இறந்துபோக, அப்பிள்ளைகள் கைவிடப்பட்ட நிலையில் இருப்பதைக் கண்டு அவர் அவ்வேலையை ஏற்றார். கேளாதோர் தமக்குள் பேசிக்கொண்ட சைகைகளையே கற்று, அவற்றின் வழியாகவே கற்பித்தார். காது என்ற வாசல் அடைபட்டால் கண் என்ற வாசல் உண்டு என்று ஐரோப்பாவுக்குக் காட்டியவர்களில் அவர் தலையாயவர். அதே நகரில், பார்வையிழந்த லூயி பிரெயில் தமது பதினைந்தாம் வயதில், 1824-இல், விரலால் தடவிப் படிக்கும் புள்ளி எழுத்தை அமைத்தார். இன்று நம் தமிழும் அப்புள்ளிகளில் வாசிக்கப்படுகிறது.

லெப்பே தொடங்கிய கேளாதோர் பள்ளியில் பின்னாளில் மருத்துவராக இருந்தவர் இத்தார். 1800-ஆம் ஆண்டு அவேரோன் காட்டுப் பகுதியில் பிடிபட்ட பேச்சறியாத சிறுவன் ஒருவனை, இவன் தேற மாட்டான் என்று பெரிய மருத்துவர்களே தள்ளிவிட்டபோது, இத்தார் ஏற்றுக்கொண்டார். வெட்டிய உருவங்களையும் எழுத்துகளையும் கையால் எடுத்துப் பொருத்தும்படி பழக்கினார். விக்டர் என்று பெயரிடப்பட்ட அச்சிறுவன் பேசக் கற்கவில்லை. ஆனால் "பால்" என்ற சொல்லின் எழுத்துகளை வரிசையாக அடுக்கிப் பால் கேட்கக் கற்றான். இத்தாரின் மாணவர் செகேன் இம்முறையை விரிவாக்கி, மூளை வளர்ச்சி குன்றிய பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தினார். இவர்கள் எழுதிய நூல்கள் சில பத்தாண்டுகள் கவனிப்பாரற்றுக் கிடந்தன.

அவற்றைத் தேடி எடுத்தவர் ஓர் இத்தாலியப் பெண் மருத்துவர். மரியா மாந்தெசோரி 1870-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 31-ஆம் நாள் பிறந்தவர், 1896-இல் உரோமையில் மருத்துவப் பட்டம் பெற்றவர், கத்தோலிக்கர். இத்தார், செகேன் நூல்களைத் தம் கையாலேயே இத்தாலிய மொழியில் பெயர்த்து எழுதினார். அச்சில் படிப்பதைவிடக் கையால் எழுதினால் ஒவ்வொரு சொல்லையும் நிறுத்தி எடைபோடலாம் என்பது அவர் எண்ணம். "படிப்புக்கு உதவார்" என்று ஒதுக்கப்பட்ட பிள்ளைகளுக்கு அம்முறையில் கற்பித்தார். அவர்களில் சிலர் சாதாரணப் பள்ளிப் பிள்ளைகள் எழுதும் தேர்வையே எழுதித் தேறினார்கள். ஊரார் அவரைப் புகழ்ந்தார்கள். அவரோ வேறொன்றை யோசித்தார்: குறையுள்ள பிள்ளைகள் இவ்வளவு தேறும்போது, குறையில்லாத பிள்ளைகளை இவ்வளவு தாழ்வாக நிறுத்தி வைத்திருப்பது எது? நம் கட்டுரையின் நடு முடிச்சு இக்கேள்விதான். உலகத்துக் குழந்தைகளுக்கெல்லாம் பயன்பட்ட வழியை, பள்ளிக்கூடம் வெளியே தள்ளிய பிள்ளைகளே காட்டினார்கள்.

1907-ஆம் ஆண்டு சனவரி 6-ஆம் நாள், மூன்று அரசர்கள் திருநாளன்று, உரோமையின் சான் லொரேன்சோ என்ற ஏழைக் குடியிருப்பில் "குழந்தைகள் இல்லம்" திறக்கப்பட்டது. தாய் தகப்பன் வேலைக்குப் போய்விட, நாளெல்லாம் மாடிப்படியில் திரிந்து சுவரைக் கீறிக் கெடுத்த ஐம்பது குழந்தைகளை ஓரிடத்தில் வைத்துக் காக்க வேண்டும் என்பதே கட்டட உரிமையாளரின் நோக்கம். எழுத்தறிவிக்கும் எண்ணம் தொடக்கத்தில் மாந்தெசோரிக்கும் இல்லை. எழுதப் படிக்கத் தெரியாத தாய்மார்கள்தான் வந்து கேட்டார்கள். நம் வாசலுக்கு வரும் தாய்மார்களைப் போன்றவர்களே அவர்களும்.

விலையுயர்ந்த மர எழுத்துகளைச் செய்யப் பணமில்லை. எனவே அவர் உப்புத்தாளை எழுத்து வடிவில் வெட்டி அட்டையில் ஒட்டினார். குழந்தை இரண்டு விரலால் அதைத் தடவும், தடவும்போதே ஆசிரியை அதன் ஒலியைச் சொல்வார், குழந்தையும் சொல்லும். நம் திண்ணை மணலைக் கண்ட வாசகருக்கு இது அந்நியமாகவா தோன்றும்? அவர் திண்ணையைப் பார்த்துச் செய்யவில்லை. தம் ஆராய்ச்சியின் வழியாக அதே இடத்துக்கு வந்து சேர்ந்தார். அந்த ஆண்டு டிசம்பரில் ஒருநாள், கட்டடத்தின் மேல்தளத்தில் ஒரு சிறுவனிடம் சுண்ணக் கட்டியைக் கொடுத்துப் புகைபோக்கியை வரையச் சொன்னார். வரைந்து முடித்த சிறுவன் திடீரென்று "எனக்கு எழுத வருகிறது" என்று கூவி, தரையில் மண்டியிட்டு ஒரு சொல்லை எழுதினான். அவன் எழுதிய முதற்சொல் "கை". பிறகு "புகைபோக்கி", "கூரை" என்று எழுதிக்கொண்டே போனான். எழுது என்று அவனை யாரும் சொல்லவில்லை.

உப்புத்தாளைப் போலவே முக்கியமானது அவர் பார்த்துக்கொண்டிருந்தது. எந்தக் குழந்தை எந்தப் பொருளை எடுக்கிறது, எத்தனை முறை திரும்பச் செய்கிறது, எப்போது தானாக வைத்துவிடுகிறது என்று குறித்துவைத்தார். ஒருவன் நாலு நாளில் விடுவதை இன்னொருவன் நாற்பது நாள் எடுப்பான். எடுக்கட்டும் என்றார்.

அந்த அம்மையார் நம் தமிழ் மண்ணுக்கே வந்தார் என்பது பலர் மறந்த செய்தி. 1939 நவம்பரில், பிரம்மஞான சபைத் தலைவர் அருண்டேல் அழைக்க, மகன் மாரியோவுடன் சென்னை அடையாறு வந்தார். அழைத்தவர்கள் யார் என்பதைக் கொண்டு முகம் சுளிப்பவர்கள் நம்மில் உண்டு. நாம் அழைக்கவில்லை, அவர்கள் அழைத்தார்கள் என்பதே உண்மை. ஏறத்தாழ முந்நூறு பேர் பயிற்சிக்கு வந்து ஓலைக் குடிசைகளில் தங்கினார்கள். அம்மையார் இத்தாலிய மொழியில் பேச, மகன் ஆங்கிலத்தில் பெயர்த்தார். சில மாதங்கள் இருந்து திரும்புவதே திட்டம். 1940 ஜூனில் இத்தாலி போரில் குதித்ததும் ஆங்கில அரசு மாரியோவை அகமத்நகர் காவல் முகாமில் அடைத்தது. தாயை அடையாறு வளாகத்தை விட்டு வெளியேறாதபடி வைத்தது. அவருடைய எழுபதாம் பிறந்த நாளுக்குப் பரிசாகவே மகனை விடுவிப்பதாக இராசப் பிரதிநிதியிடமிருந்து தந்தி வந்தது. 1942 முதல் கொடைக்கானலில் தங்கி, வெவ்வேறு வயதுப் பிள்ளைகளை ஒரே வகுப்பில் வைத்துப் பழக்கினார். மலைச் செடியும் பூச்சியும் ஏரித் தண்ணீரும் அங்கே பாடப் புத்தகங்களாயின. 1946-இல்தான் ஐரோப்பா திரும்பினார். மீண்டும் இந்தியா வந்து போதித்து, 1952 மே 6-ஆம் நாள் ஆலந்து நாட்டில் மரித்தார்.

மறைக்கல்வியிலும் அவர் கை வைத்ததுண்டு. பார்சலோனா நகரில் அவர் முறைப்படி வளர்ந்த பிள்ளைகள், நற்கருணை அப்பத்துக்கும் இரசத்துக்கும் உரிய கோதுமையையும் திராட்சையையும் தாங்களே பயிரிட்டார்கள். 1954-இல் உரோமையில் சோஃபியா கவல்லெத்தி என்ற விவிலிய அறிஞர் அவ்வழியைத் தொடர்ந்து, சின்னஞ்சிறு பீடமும் மரத்தால் செய்த ஆயனும் ஆடுகளும் வைத்துச் சிறுவர்க்கு மறைக்கல்வி தொடங்கினார். குழந்தை ஆட்டைக் கையில் எடுத்துப் பட்டியில் சேர்க்கும்போது, நல்லாயன் உவமை அதன் விரலுக்கும் தெரிகிறது.

இப்போது ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டியிருக்கிறது. அண்மைக் காலத்தில் "கற்கும் பாணி" என்றொரு பேச்சு பரவியிருக்கிறது. இந்தப் பிள்ளை கண்ணால் கற்பவன், அவள் காதால் கற்பவள், மற்றவன் கையால் கற்பவன் என்று கேள்வித்தாள் வைத்துப் பிரித்து, அவரவர்க்கு அந்த ஒரு வழியிலேயே கற்பிக்க வேண்டும் என்பார்கள். 1992-க்குப் பின் ஆசிரியப் பயிற்சிகளில் இது பெரிதும் வழங்கிற்று. கேட்க இனிமையாயிருக்கிறது. ஆனால் 2008-ஆம் ஆண்டு ஹெரால்டு பாஷ்லர் முதலிய நான்கு உளவியல் அறிஞர்கள் அதுவரை நடந்த ஆய்வுகளைச் சலித்துப் பார்த்து, அப்படிப் பிரித்துக் கற்பித்ததால் பிள்ளைகள் கூடுதலாகக் கற்றார்கள் என்பதற்குப் போதிய சான்று இல்லை என்று கண்டார்கள். பிள்ளைகளுக்கு விருப்பம் வேறுபடும், அது உண்மை. ஆனால் விருப்பத்தை முத்திரையாக்கி நெற்றியில் குத்துவது வேறு. "மக்கு" என்ற பழைய முத்திரையை எடுத்துவிட்டு "காதுப் பிள்ளை" என்ற புது முத்திரையைக் குத்தினால் பிள்ளைக்கு என்ன இலாபம்? கண்ணால் பார்க்கும் பயிற்சியே அதற்குக் குறைந்துபோகும். மாறாக, பிரான்சு நாட்டில் 2004-இல் வெளியான ஆய்வொன்றில், எழுத்தைப் பார்த்து, கேட்டு, விரலாலும் தடவிய பாலர் வகுப்புப் பிள்ளைகள், பார்த்தும் கேட்டும் மட்டும் பழகியவர்களைவிட நன்றாகப் படித்தார்கள். எல்லாருக்கும் எல்லா வாசலையும் திறப்பது என்பதுதான் திண்ணையின் வழியும் உப்புத்தாளின் வழியும்.

நம் மாநில அரசுப் பள்ளிகள் இதில் பின்தங்கவில்லை என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் 2003-இல் செயல்வழிக் கற்றல் தொடங்கி, சில ஆண்டுகளில் மாநிலம் எங்கும் பரவியது. அட்டையும் பாயுமாகப் பிள்ளைகள் மீண்டும் தரையில் வட்டமாக அமர்ந்தார்கள். 2022 ஜூனில் "எண்ணும் எழுத்தும்" வந்தது. ஒரே வகுப்பில் அரும்பு, மொட்டு, மலர் என்று அவரவர் நின்ற நிலையிலிருந்து கற்பிக்க முயன்றது. பெயர் வைத்தவர் யாரோ, நல்ல மனம் படைத்தவர். மலராத அரும்பை யாரும் மக்கு என்று சொல்வதில்லை. இதற்கிடையே, நிறையக் கட்டணம் வாங்கிக்கொண்டு மூன்று வயதுப் பிள்ளைக்கு இரண்டு பக்கம் வீட்டுப்பாடம் கொடுக்கும் இடங்களை நாடி நம் பங்கு மக்கள் சிலர் கடன்பட்டு ஓடுவது நமக்கு வருத்தமே. அந்த வயதில் விரல் எலும்புகளே முழுதும் உறுதிப்படவில்லை. பென்சிலைப் பிடிக்கும் முன் மாவு பிசையவும், பூத்தொடுக்கவும், புளியங்கொட்டை எண்ணவும் பிள்ளையை விடுங்கள் தாய்மாரே. அடுப்பங்கரையில் உங்கள் பக்கத்தில் அது செய்யும் வேலை எதுவும் வீணல்ல.

யூபிலி ஆண்டில் நம் மறைக்கல்வி வகுப்பில் சிறு தொடக்கம் செய்கிறோம். முதல் வகுப்புப் பிள்ளைகளுக்காக நான்கு மணல் தட்டுகளைத் தச்சர் செய்து முடித்துவிட்டார். சிலுவை அடையாளத்தின் சொற்களை அவர்கள் முதலில் அதிலே விரலால் எழுதுவார்கள். உயிர் எழுத்துகள் பன்னிரண்டையும் உப்புத்தாளில் வெட்டி ஒட்டும் வேலையை இளைஞர் மன்றத்தார் ஏற்றிருக்கிறார்கள். மணலைச் சலித்துக் கழுவிக் காயவைக்கச் சனிக்கிழமை மாலை இரண்டு பேர் வந்தால் போதும். வாய்ப்பாட்டை ராகத்தோடு சொல்லத் தெரிந்த பாட்டிமாரும் தாத்தாமாரும் ஞாயிறு இரண்டாம் பூசைக்குப் பிறகு பிள்ளைகளோடு வந்து உட்காரலாம், பாய் விரித்திருக்கும்.